பட்ட துன்பம் சொத்தாகுமா?

சில ஆண்டுகளுக்கு முன், அன்பியக் கூட்டம் ஒன்றில் கேட்ட ஒரு பேச்சு இன்னும் நம் காதைவிட்டு அகலவில்லை. 'மருமகள் காய்ச்சலோடு அடுப்படியில் நிற்கிறாளே, இரண்டு நாள் ஓய்வு கொடுக்கக் கூடாதா?' என்று அயல்வீட்டார் ஒருவர் பரிவோடு கேட்டார். அவள் மாமியார் சற்றும் தயங்கவில்லை. 'நாங்க படாத பாட்டையா இவ படுறா? பிள்ளை பெத்த பதினோராம் நாளே நெல்லுக் குத்தினவ நான்' என்றார். கூடியிருந்த மூத்த பெண்டிர் தலையசைத்தனர். சொன்னவர் கொடியவர் அல்லர். நாள் தவறாமல் திருப்பலிக்கு வருகிறவர். தெருவில் ஒருவர் நோயுற்றால் கஞ்சி காய்ச்சிக்கொண்டு முதலில் ஓடுகிறவர். ஆயினும் அவர் வாயிலிருந்து வந்த அச்சொல்லுக்கு எவரிடமும் மறுமொழி இல்லை. நம்மிடமும் இல்லை.

அவ்வம்மையார் அந்நாள்களில் விடாது பார்த்துவந்த தொலைக்காட்சித் தொடர் ஒன்று உண்டு. 2008 சூலை 21ஆம் நாள், கலர்ஸ் என்னும் இந்தி அலைவரிசை தன் ஒளிபரப்பைத் தொடங்கிய அன்றே தொடங்கி, 2016 வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகளாக நீண்ட 'பாலிகா வதூ' என்பதே அது. சிறுமியாகிய மணமகள் என்பது அத்தலைப்பின் பொருள். தமிழில் குரல் மாற்றி 'மண் வாசனை' என்னும் பெயரில் ராஜ் தொலைக்காட்சி அதனை ஒளிபரப்பியது. அத்தொடருக்காகக் குடும்பச் செபமாலையை அரைமணி முன்னும் பின்னும் தள்ளிவைத்த வீடுகளை நாம் அறிவோம். அதற்காக எவரையும் இங்கே கண்டிக்கப் போவதில்லை, நாமும் பார்த்தவர்களே.

கதை இராசத்தானத்துச் சிற்றூர் ஒன்றில் நிகழ்கிறது. எட்டு வயதுச் சிறுமி ஆனந்தி, செல்வக் குடும்பத்துச் சிறுவன் ஜகதீஷுக்கு மணமுடிக்கப்படுகிறாள். பொம்மையோடு விளையாடும் வயதில் முக்காடிட்டுக்கொண்டு மாமியார் வீட்டுப் படியேறுகிறாள். அவ்வீட்டில் மாமனாரும் மாமியாரும் இரக்கமுள்ளவர்கள்; ஆயினும் அவர்கள் சொல் அங்கே செல்லாது. ஆள்பவர் பாட்டி கல்யாணி தேவி. அனைவரும் 'தாதிசா' என்றே அவரை அழைப்பர். ஆனந்தியின் பள்ளிப் படிப்பை நிறுத்துபவர் அவர். தவறு செய்த குழந்தையை இருட்டறையில் பூட்டிவைப்பவரும் அவரே. புக்ககம் செல்லவேண்டிய நாளிலேயே கணவனைப் பறிகொடுத்த தம் சொந்தப் பேத்தி சுக்னாவைக் கைம்பெண்ணுக்குரிய கட்டுப்பாடுகளில் ஒடுக்குவதும் அவர்தாம். மனைவியை இழந்த தம் மகன் வசந்துக்கு ஆண் வாரிசு வேண்டும் என்பதற்காக, வறிய குடும்பத்துச் சிறு பெண் கெஹ்னாவை அவள் பெற்றோருக்குப் பணம் கொடுத்துக் கொண்டுவருகிறார். மணமகன் அவளுக்குத் தந்தை வயதினன்.

இப்பாட்டியின் வேடத்தை ஏற்றவர் காலஞ்சென்ற சுரேகா சிக்ரி. நாடக மேடையில் பயின்ற அவர் 2021 சூலையில் மறைந்தார். திரைப்பட நடிப்புக்காக மும்முறை தேசிய விருது பெற்றிருந்தும், நாட்டின் சிற்றூர்களில் அவரை அடையாளம் காட்டியது இந்தத் தாதிசா வேடமே. கொடுமைக்காரியாக மட்டும் அவர் நடித்திருந்தால், நாம் எளிதில் வெறுத்துவிட்டு உணவருந்தச் சென்றிருப்போம். அவரோ ஒவ்வொரு கொடுமையையும் கடமையைச் செய்கிற முகத்தோடு செய்தார். அம்முகம் நமக்குப் பழக்கமானது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் படங்களிலும் அதைக் காணலாம்.

கல்யாணி தேவியும் ஒரு காலத்தில் சிறுமியாய் மணமுடிக்கப்பட்டவரே. கைம்மையும் அவர் அறிந்ததே. ஆனந்தி அழுகிற அழுகை எதுவும் அவருக்குப் புதிதன்று. இருட்டறையின் இருளையும் அவர் அறிவார். அறிந்தவர் ஏன் கதவைத் திறக்கவில்லை? நம்மை வருத்தும் வினா இதுதான். துன்பம் மனிதரைப் பக்குவப்படுத்தும் என்று மறையுரைகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது பல வேளைகளில் உண்மையே. ஆனால் அடிபட்டவரே அடிக்கும் கையாக மாறுவதை வீடுதோறும் காண்கிறோமே, அதற்கு விளக்கம் என்ன?

பழிவாங்கல் என்று சொல்லிவிடலாம். நமக்கு அது போதவில்லை. தாதிசாவுக்கு ஆனந்தியின்மேல் பகை இல்லை. தம் சொந்தப் பேத்தியின்மேல் என்ன பகை இருக்க முடியும்? நமக்குத் தோன்றுவது இது: அவர் தாம் பட்டதைத் துன்பம் என்று எண்ணுவதை என்றோ நிறுத்திவிட்டார். அதைப் பெருமை என்று எண்ணத் தொடங்கிவிட்டார். வேறெதுவும் தமக்கென்று இல்லாத ஒரு பெண், தாங்கியதையே தன் சொத்தாகச் சேர்த்துவைக்கிறாள். 'இத்தனையும் தாங்கினேன்' என்பதே அவள் நகை, நிலம், பட்டம் எல்லாம். இந்நிலையில் அடுத்த தலைமுறைப் பெண் ஒருத்தி அதைத் தாங்காமலே வாழ்ந்துவிட்டால் என்ன ஆகும்? தாங்கியதற்கு அவசியமே இருக்கவில்லை என்று ஆகிவிடும். ஒரு வாழ்நாள் வீணாய்க் கழிந்தது என்பதை எழுபது வயதில் ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு நெஞ்சுரம் உண்டு? ஆகவே கதவு பூட்டியே கிடக்கிறது.

திராட்சைத் தோட்ட வேலையாள்களின் உவமையை இங்கே நினைத்துப் பார்க்கிறோம். விடியற்காலை முதல் வெயிலில் உழைத்தவர்களுக்குப் பேசிய கூலி குறையவில்லை. ஆயினும் கடைசி மணிநேரத்தில் வந்தவனுக்கும் அதே கூலி என்றதும் அவர்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் இழந்தது ஒன்றுமில்லை. தாங்கிய வெயிலுக்கு மட்டும் மதிப்புக் குறைந்தாற்போல் ஆயிற்று. அந்த முணுமுணுப்பைத்தான் அன்று அன்பியக் கூட்டத்தில் நாம் கேட்டோம் என்று எண்ணுகிறோம். நெல் குத்திய அந்தப் பதினோராம் நாளைப் பற்றி, 'ஐயோ, அன்று எவ்வளவு வலித்திருக்கும்!' என்று அவரிடம் யாராவது எப்போதேனும் சொன்னதுண்டா? இருந்திருந்தால் அவர் மறுமொழி வேறாக இருந்திருக்குமோ? நாம் கேட்கவில்லை என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரு கிழவியின் நெஞ்சில் கொண்டுபோய் வைத்துவிடுவது தொலைக்காட்சித் தொடரின் தந்திரம். அதையும் சொல்லியாக வேண்டும். இராசத்தானச் சிற்றூர்களில் குழந்தைத் திருமணம் பாட்டிகளின் பிடிவாதத்தால் மட்டும் நிலைத்ததன்று. வறண்ட நிலம், வரதட்சணை, சாதிப் பஞ்சாயத்து, பெண்ணின் கற்பைப் பற்றிய அச்சம் எல்லாம் சேர்ந்து நிலைநிறுத்தியது அது. ஒரே பந்தலில், ஒரே விருந்துச் செலவில், மூத்த மகளோடு தவழும் மகளுக்கும் மணமுடித்துவிட்டால் ஏழைத் தகப்பனுக்குச் செலவு மிச்சம். அட்சய திருதியை நாளில் அங்கே கூட்டங்கூட்டமாய்க் குழந்தைகளுக்குத் திருமணம் நடந்ததன் கணக்கு இதுவே. 1929இன் சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு வயது என்று வரையறுத்தது; 2006இல் இயற்றப்பட்ட குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பதினெட்டை உறுதி செய்தது. எனினும் 2005-06ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்போது, அம்மாநிலத்தில் இருபது முதல் இருபத்து நான்கு வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 65 பேர் பதினெட்டுக்குமுன் மணமானவர்களாய் இருந்தனர். 2019-21 ஆய்வில் அது 25 ஆகக் குறைந்துள்ளது. பள்ளிக்கூடங்களும் சாலைகளும் செய்த வேலையில் தொடருக்கும் ஒரு சிறு பங்கு இருக்கலாம். யார் அளந்து சொல்வது? அதே தொடர் குழந்தைத் திருமணத்தை அழகுபடுத்திக் காட்டுகிறது என்று 2009இல் நாடாளுமன்றத்திலேயே எதிர்ப்புக் குரல் எழுந்ததும் நினைவிருக்கிறது.

தொடரில் காணாத இன்னொரு முகமும் அம்மண்ணுக்கு உண்டு. ஜெய்ப்பூருக்கு அருகே பட்டேரி என்னும் சிற்றூரில், அரசின் மகளிர் நலப் பணியாளரான பன்வாரி தேவி, ஒரு வயதும் நிரம்பாத பெண் குழந்தையின் திருமணத்தைத் தடுக்க முயன்றார். அதற்காக 1992 செப்டம்பரில், கணவர் கண்முன்னே தாக்கப்பட்டுக் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை அக்குற்றத்திலிருந்து விடுவித்தது. பணியிடத்தில் பெண்களைப் பாலியல் தொல்லையிலிருந்து காக்க உச்ச நீதிமன்றம் 1997இல் வகுத்த விசாகா நெறிமுறைகள், இவருக்கு நேர்ந்ததைத் தொடர்ந்து மகளிர் அமைப்புகள் தொடுத்த வழக்கின் விளைவு. குயவர் சமூகத்தைச் சேர்ந்த இப்பெண்மணியும் சிறுவயதில் மணமுடிக்கப்பட்டவரே. தாதிசா நடந்த அதே பாதையைத் தாமும் கடந்துவந்தவர், திரும்பி நின்று பின்னால் வருகிற குழந்தையின் கையைப் பிடித்தார். ஒரே காயம் ஒருவரை அங்கும் மற்றொருவரை இங்கும் கொண்டு சேர்ப்பது எதனால் என்று நமக்கு விளங்கவில்லை. ஒன்று கற்பனை, மற்றொன்று வாழ்க்கை. ஆயினும் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

இதெல்லாம் வேற்று மதத்தார், வேற்று மாநிலத்தார் விவகாரம் என்று வாசகர் எவரேனும் ஒதுங்க எண்ணினால் ஒரு செய்தி. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, செல்லுபடியாகும் திருமணத்துக்குப் பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினாறு வயது நிறைந்தால் போதும் என்றுதான் இன்றும் சொல்கிறது. அதற்கு மேற்பட்ட வயதை வரையறுக்க ஆயர் பேரவைகளுக்கு உரிமை தந்திருக்கிறது. இடைக்காலத்தில் பெண்ணுக்குப் பன்னிரண்டே போதுமானதாய் இருந்தது. நம் பாட்டிமாரின் திருமணப் பதிவுகளைப் பங்கு அலுவலகத்தில் புரட்டிப் பார்க்க விரும்புவோர், சற்று மனத்திடத்தோடு செல்வது நலம்.

தொடருக்குத் திரும்புவோம். தாதிசா மாறுகிறார். பேத்தி சுக்னாவின் கைம்மை அவரை முதலில் அசைத்தது. ஒடுக்கிய அவரே பின்னர் அவள் மறுமணத்துக்கு இசைகிறார். மருத்துவம் படிக்க மும்பை சென்ற ஜகதீஷ் அங்கே வேறொருத்தியை மணந்துகொண்டு ஆனந்தியைக் கைவிடுகிறான். அப்போது அவர் செய்வது எவரும் எதிர்பாராதது. ஆசையாய் வளர்த்த பேரனை விலக்கிவிட்டு, வேற்று வீட்டுப் பெண்ணான ஆனந்தியைத் தம் மகள்போல் நிறுத்திக்கொள்கிறார். பின்னாளில் மாவட்ட ஆட்சியர் ஒருவருக்கு அவளை மறுமணமும் செய்துவைக்கிறார். மனமாற்றம் என்றால் கண்ணீர் என்று திரையில் காட்டிப் பழகிவிட்டார்கள். இங்கே கண்ணீருக்கு மேலும் ஒன்று இருந்தது: அவர் எதையோ இழந்தார். பேரனை இழந்தார், ஊரில் இருந்த பெயரை இழந்தார், தாம் வாழ்ந்த முறையே சரி என்ற உறுதியையும் இழந்தார். சக்கேயு நான்கு மடங்காய்த் திருப்பித் தருவதாய்ச் சொன்னபோது, அவன் பெட்டியில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நாம் ஒருபோதும் கணக்கிட்டுப் பார்த்ததில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் பரிகாரம் என்று நாம் அழைப்பதும், மூன்று மங்கள வார்த்தை செபங்களோடு முடிந்துவிடுவதாகவே நமக்குப் பழகிப்போயிற்று.

அப்பகுதிகளைப் பார்த்தபோது நாம் அழுதோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தாதிசாவை அக்கணமே மன்னித்தும் விட்டோம். மறுநாள் காலை குழாயடியில் அவரைப் புகழாத பெண் இல்லை. இவ்வளவு எளிதில் நம்மால் எப்படி மன்னிக்க முடிந்தது? புனித அகுஸ்தினார் தம் வாழ்க்கை அறிக்கை நூலின் மூன்றாம் பகுதியில், கார்த்தேசு நகரில் இளைஞராய் நாடகம் பார்த்து அழுத நாள்களை நினைத்துக்கொண்டு இதே ஐயத்தை எழுப்புகிறார். மேடைத் துயருக்கு உதவ எவரும் நம்மை அழைப்பதில்லை. வருந்துவதற்கு மட்டுமே அழைக்கிறார்கள். அவ்வருத்தம் நமக்கு இன்பமாகவும் இருக்கிறது. நாடகத்தை அவர் இவ்வளவு கடுமையாய் நோக்கியிருக்க வேண்டாம் என்று நமக்குச் சில வேளை தோன்றுவதுண்டு. ஆயினும் இந்த இடத்தில் அவர் நம்மைப் பிடித்துக்கொள்கிறார். தாதிசாவால் நாம் எதையும் இழக்கவில்லை. இருட்டறையில் பூட்டப்பட்டவர்கள் நாமல்லர். பிறருக்குப் பட்ட கடனை நம் கையால் தள்ளுபடி செய்துவிட்டு, நல்ல மனம் படைத்தவர்களாய் உறங்கச் சென்றோம்.

கடன் பட்டிருந்தது கெஹ்னாவுக்கு. ஆனந்திக்கு மறுவாழ்வு கிடைத்தது. ஊர்த் தலைவியாகும் பெருமையும் கிடைத்தது. சுக்னாவுக்கும் வேறொரு கணவன் வாய்த்தான். கெஹ்னாவோ விலைக்கு வந்தவள். வந்த வீட்டிலேயே இருந்தாள். தொடக்கத்தில் எதிர்த்தாள், ஓட நினைத்தாள், வெறுத்தாள். நாள் செல்லச் செல்ல அந்த வயது முதிர்ந்த கணவனோடும் வீட்டோடும் இணங்கிப்போனாள். கதையும் அதைக் கனிந்த அன்பாகவே காட்டி, வேறு பரபரப்புகளை நோக்கி விரைந்தது. நமக்குத்தான் அவ்வளவு விரைவாய் நகர முடியவில்லை. தாதிசாவின் வருத்தம் முழுவதும் உண்மை என்றே கொள்வோம். அந்தப் பெண்ணின் பதினைந்து, பதினாறு வயதை அவரால் எங்கிருந்து எடுத்துக் கொடுக்க முடியும்?

பின்வந்த பகுதிகளில் விழாக் காட்சிகள் பல. குடும்பம் முழுவதும் கூடியிருக்கும். தாதிசா நடுவில் அமர்ந்திருப்பார். ஆனந்தி அருகில் இருப்பாள். கெஹ்னா வழக்கம்போல் தட்டு ஏந்திப் பின்வரிசையில் நிற்பாள். நாம் அவள் முகத்தைத் தேடிப் பார்த்துக்கொண்டிருப்போம். அவள் பாட்டியைப் பார்த்துச் சிரிப்பாள். மன்னித்துவிட்டவள் சிரிக்கிறாளா, போவதற்கு வேறிடம் இல்லாதவள் சிரிக்கிறாளா என்று எத்தனை முறை பார்த்தும் நமக்குப் பிடிபட்டதில்லை.