சம்பளம் கொடுத்தால் கடமை தீர்ந்ததா?



சென்ற முதல் வெள்ளிக்கிழமை நோயாளிகளுக்கு நன்மை கொடுக்கச் சென்றபோது, ஒரு வீட்டு வாசலில் அவ்வீட்டு மகள் என்னை நிறுத்தினாள். உள்ளே தாயார் பக்கவாதத்தில் விழுந்து ஏழு மாதமாகக் கட்டிலில் இருக்கிறார். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை. ஒரே தம்பி கடல் கடந்து இருக்கிறான். மாதந்தோறும் பணம் அனுப்புகிறான். ஏஜென்சி மூலமாகப் பகலுக்கு ஒரு நர்ஸும் இரவுக்கு ஒரு பெண்ணும் அமர்த்தியிருக்கிறார்கள். "சாமி, பெற்ற தாயைக் கூலிக்காரி கையில் விட்டுவிட்டாள் என்று தெருவில் பேசுகிறார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இது பாவமா, சொல்லுங்கள் சாமி" என்று கேட்டாள்.

இக்கேள்வி நம் பங்கில் இன்னும் பல வீடுகளில் வாய்விட்டுக் கேட்கப்படாமல் கிடக்கிறது. ஆகையால் அவளுடைய சம்மதத்தோடு, அன்று நான் சொன்னதையும் சொல்லாமல் வந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தெருவில் பேசுவோருக்கு ஒரு வார்த்தை. படுக்கையில் விழுந்தவரைப் பேணுவது, பாசம் இருந்தால் தானாக வந்துவிடும் வேலையன்று. இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் காணும். விழுங்கும் சக்தி குன்றியவருக்குப் படுத்த நிலையில் கஞ்சி புகட்டினால், அது மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியாவாக முடியும். சிறுநீர்க் குழாயின் பை எப்போதும் இடுப்புக்குத் தாழவே தொங்க வேண்டும். சிவந்துபோன தோலைத் தேய்த்துவிடக் கூடாது. இவற்றை அறியாத மகள் பாசத்தோடு செய்யும் தவறும் நோயாளிக்குத் தவறுதான். வைத்தியனையும் மருந்தையும் படைத்தவர் சர்வேசுரனே என்று சீராக் ஆகமம் போதிக்கிறது. கற்றவர் கையை நாடுவது அன்புக் குறைவு ஆகாது.

நல்ல சமாரியன் உவமை நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதிலே சம்பளத்துக்கு நோயாளியைப் பார்த்துக்கொண்ட ஒருவன் இருப்பதைக் கவனித்தீர்களா? அவன்தான் சத்திரக்காரன். சமாரியன் அவன் கையில் இரண்டு தெனாரியம் கொடுத்தான். அதாவது ஒரு வேலையாளின் இரண்டு நாட் கூலி. அதைக் கொடுத்து, காயப்பட்டவனை ஒப்படைத்துவிட்டுத் தன் வழியே போனான். நீயே கூட இருந்திருக்க வேண்டாமா என்று சேசுநாதர் அவனைக் குறை சொல்லவில்லை. மாறாக, அவனையே நமக்கு மாதிரியாக வைத்தார். அவர் தாமும் சிலுவையில் தொங்குகையில் தம் திருத்தாயாரை வேறொருவர் கையில் ஒப்படைத்தார் அன்றோ? ஆகவே ஒப்படைப்பது பாவமன்று.

இதுவரையில் அன்று வாசலில் நின்றே சொன்னேன். ஆனால் மகளின் முகம் தெளியவில்லை. அதன்பின்தான் உள்ளத்தை அழுத்திய பாரம் வெளியே வந்தது.

தாயாரை இரண்டு டாக்டர்கள் பார்க்கிறார்கள். இருவரும் இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதியிருந்தார்கள். கம்பெனிப் பெயர்கள்தான் வேறு. உள்ளே இருந்த மருந்து ஒன்றே. பகல் நர்ஸ் ஒன்றைக் கொடுத்தாள்; இரவுப் பெண் மற்றொன்றைக் கொடுத்தாள். பத்தாம் நாள், நாற்காலிக்கு மாற்றும்போது தாயார் மயங்கிச் சரிந்தார். தெய்வாதீனமாக எலும்பு முறியவில்லை. விசாரித்தால், டாக்டர்கள் எழுதியது சரி. கடைக்காரர் சீட்டில் உள்ளதைக் கொடுத்தார். நர்ஸுகள் பெட்டியில் உள்ளதைக் கொடுத்தார்கள். தம்பி பணம் தவறாமல் அனுப்பினான். எல்லோரும் அவரவர் வேலையைச் செய்தார்கள்; தாயார் விழுந்தார். "நான் ஒருநாளாவது இரண்டு சீட்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை, சாமி" என்று சொல்லி அழுதாள்.

பிரியமானவர்களே, இங்கே இரண்டு காரியங்களைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று வேலை, மற்றது கடமை. வேலையைப் பகிர்ந்து கொடுக்கலாம், கூலிக்கும் கொடுக்கலாம். கடமையோ கைமாறாது. பெற்றோருக்கு நாம் பட்ட கடனை அர்ச். அக்குவினாஸ் தோமாஸ் நீதி என்னும் புண்ணியத்தோடு சேர்த்தே பேசுகிறார். ஆனால் கடைக்காரருக்குப் பட்ட கடனைப்போல் இதைச் சரிக்குச் சரி தீர்க்க இயலாது என்கிறார். தீராத கடனை மாதச் சம்பளத்தால் தீர்த்துவிட்டதாக எண்ணுவதுதான் ஏமாற்றம். 2007-ம் ஆண்டில் நம் தேசத்தில் வந்த சட்டம், வயதான பெற்றோருக்கு ஜீவனாம்சம் கொடுக்கும்படி பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தக் கூடும். கட்டிலருகே போய் உட்காரும்படி எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்த இயலாது. அதைச் செய்ய வேண்டியது நான்காம் கற்பனை.

மறுபடியும் சமாரியனைப் பாருங்கள். அவன் முதலில் தன் கையாலேயே எண்ணெயும் இரசமும் வார்த்துக் காயம் கட்டினான். பிறகு தன் வாகனத்தில் ஏற்றினான். சத்திரத்தில் அவனே கவனித்தான். மறுநாள்தான் பணத்தை எடுத்தான். எடுக்கும்போதே, திரும்பி வருவேன், மேற்கொண்டு செலவானதை அப்போது தருவேன் என்று வாக்குக் கொடுத்தான். திரும்பி வருகிறவன் ஒருவன் உண்டு என்று சத்திரக்காரனுக்குத் தெரியும், அடிபட்டவனுக்கும் தெரிந்திருக்கும். பணம் கொடுத்து ஒப்படைப்பதற்கும், பணம் கொடுத்துக் கைவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

வேறொரு சம்பவமும் உண்டு. 1617-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், பிரான்சு தேசத்தில் ஷாத்தியோன் என்னும் ஊரில் அர்ச். வின்சென்ட் தே பவுல் பங்குக் குருவாக இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் குடும்பம் முழுவதும் நோயில் கிடக்கிறது, உதவ ஆளில்லை என்ற செய்தி அவருக்கு எட்டியது. பிரசங்கத்தில் அதைச் சொன்னார். மாலையில் அவர் அங்கே போனபோது, வழிநெடுகக் கூட்டங் கூட்டமாக ஜனங்கள் உணவு கொண்டுபோய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். குருவானவர் மகிழ்ந்தார்; அத்தோடு யோசிக்கவும் செய்தார். இன்று மலையாகக் குவிந்த உணவு கெட்டுப்போகும்; நாளை இவர்கள் பட்டினி கிடப்பார்கள். அன்புக்குக் குறைவில்லை, ஒழுங்கு இல்லை என்று கண்டார். ஆகவே, பெண்கள் முறை வைத்து ஆளுக்கு ஒருநாள் நோயாளிகளைப் பார்க்கும்படி ஒரு சபையை ஏற்படுத்தி, அதற்கு ஒழுங்குகள் எழுதினார். துணைக்கு ஆள் உள்ள நோயாளியை முதலில் பார், தனியாக இருப்பவரைக் கடைசியில் பார், அப்போது அவரோடு அதிக நேரம் இருக்கலாம் என்பது அவற்றில் ஒன்று. 1633-ல் அவரும் அர்ச். லூயிஸ் தே மரியாக்கும் ஸ்தாபித்த பிறர்அன்புப் புதல்வியர் சபை, வீடு வீடாகச் சென்று ஏழை நோயாளிகளைப் பேணியது. ஒழுங்கும் அன்பின் ஓர் அங்கமே என்பதை அந்த அர்ச்சியசிஷ்டவர் அன்றே கண்டுகொண்டார்.

ஆகையால் நோயாளி உள்ள குடும்பங்களுக்குச் சில வார்த்தை. ஆள் எத்தனை பேர் வந்தாலும், எல்லாவற்றையும் அறிந்து பொறுப்பேற்கிறவர் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். கட்டிலருகே ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். மாத்திரையின் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயர், கொடுத்த நேரம், உண்டது, சிறுநீர் போனது, பக்கம் மாற்றிய மணி, தோலின் நிறம் ஆகியவற்றை அதில் எழுதி வையுங்கள். முறை மாறும்போது போகிறவள் வருகிறவளுக்கு அதைப் படித்துக் காட்டட்டும். எந்த டாக்டரிடம் போனாலும் அந்த நோட்டையும் எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் கொண்டுபோங்கள். தொலைதூரத்தில் உள்ள மகனே, பணம் அனுப்பியது போதாது. வாரந்தோறும் அந்த நோட்டை வாசிக்கச் சொல்லிக் கேள். பின்பு தாயோடு பேசு. அவர் பதில் சொல்ல முடியாவிட்டாலும் பேசு. தகப்பனின் புத்தி தளர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும்படி வேதாகமம் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறது.

தாய்க்கு ஆள் வைக்க வசதியில்லை என்று சொல்லிக்கொண்டு, கோவில் திருவிழாவுக்குப் பெருந்தொகை எழுதுகிறவர் யாராவது இருந்தால், அந்தப் பணம் வேண்டாம் என்று பங்குக் குருவாகிய நானே சொல்லுகிறேன். காணிக்கையின் பேரால் பெற்றோரைக் கைவிட்டவர்களைச் சேசுநாதர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்! மெய்யாகவே வசதியற்றவர்கள் அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021-ம் ஆண்டு ஆகஸ்ட் 5-ந் தேதி தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம், மருந்தையும் நோயாளிப் பராமரிப்பையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவர ஏற்பட்டது.

வீட்டுக்கு வரும் நர்ஸும் ஒரு தாயின் மகளே. இருபத்துநான்கு மணி நேரத்துக்கு ஒருத்தியையே வைத்து, அவள் கண் அயர்ந்தால் ஏசுவது நீதியல்ல. நோயாளியைப் பார்க்க வந்தவளிடம் வீட்டார் துணியைத் துவைக்கக் கொடுக்காதீர்கள். பயிற்சியில்லாத உதவிப் பெண்ணை ஊசி போடச் சொல்லாதீர்கள். சாப்பாடும், தூங்க இடமும், ஞாயிறு பூசைக்கு நேரமும் கொடுங்கள். வேலையாளின் கூலியைப் பிடித்துக்கொள்வது தேவ கோபத்தைக் கூவி அழைக்கும் பாவம் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். அர்ச். கமில்லஸ் தம் சபையாரிடம், நோயுற்ற ஒரே பிள்ளையைத் தாய் பார்ப்பதுபோல் நோயாளியைப் பார்க்கச் சொன்னார். அந்த அன்பை நர்ஸிடம் எதிர்பார்க்கிறவர்கள், அவளையும் கொஞ்சம் தாயன்போடு நடத்த வேண்டாமா?

இன்னொன்று. இறுதி மூச்சு இழுக்கும்போதுதான் குருவை அழைக்க வேண்டும் என்ற பயத்தை விடுங்கள். அவஸ்தைப்பூசுதல் என்று முன்னோர் சொன்ன தேவதிரவிய அனுமானத்தை நோயிற்பூசுதல் என்று அழைப்பதே தகுதி என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியது. கடின நோயிலும் தள்ளாமையிலும் நோயாளி நினைவோடு இருக்கும்போதே கூப்பிடுங்கள்.

தெருவில் பேசினவர்களுக்குக் கடைசியாக ஒன்று சொல்லுகிறேன். அந்த மகள் ஏழு மாதமாக ஞாயிறு பூசைக்கு நிம்மதியாக வரவில்லை. இரவுப் பெண் காலை ஆறு மணிக்குப் போய்விடுகிறாள். பகல் நர்ஸுக்கோ ஞாயிறு ஓய்வு. ஒரு மணி நேரம் தாயாரின் பக்கத்தில் உட்கார நம் பங்கில் நான்கு பெண்கள் இருந்தால், மாதத்தில் ஆளுக்கு ஒரு ஞாயிறு போதும். வேறு பூசைக்கு நீங்கள் வரலாம். மனமுள்ளவர்கள் பூசை முடிந்ததும் சக்கிறீஸ்தில் பெயர் கொடுங்கள். முதல் பெயர் வந்ததும் அவ்வீட்டுக்குப் போய், அன்று வாசலில் நான் சொல்லாமல் வந்த பதிலைச் சொல்லுவேன்: "மகளே, உன் தாயை நீ கைவிடவில்லை. நாங்கள்தான் உன்னைக் கைவிட்டிருந்தோம்."

நோயாளிகளின் ஆரோக்கியமாகிய தேவமாதா உங்கள் இல்லங்களைக் காப்பாற்றுவாராக.

உங்கள் பங்குக் குரு