வாக்காளரும் அறத்தின் அளவுகோலும்

தனிவாழ்வில் ஒழுக்கம் தவறியவர் பொதுக்கடமையில் நேர்மையாக நடத்தல் கூடுமா? ஐக்கிய அமெரிக்காவில் கிளின்டன் விவகாரம் எழுந்த 1998 இல், தலைவர்க்கு நல்லொழுக்கம் இன்றியமையாதது என வற்புறுத்தியோருள் எவஞ்சலிக்கக் கிறித்தவர் முன்னின்றனர். அவர்களுள் வெள்ளை இனத்தவரிடம் 2011 இல் இவ்வினா விடுக்கப்பட்டபோது நூற்றுக்கு 30 பேரே 'கூடும்' என்றனர். டொனால்ட் ட்ரம்ப் சனாதிபதி வேட்பாளராக நின்ற 2016 இல் அத்தொகை 72 ஆயிற்று.

கருத்து மாறுதல் தவறன்று. ஆட்சித்திறனைத் தனியொழுக்கத்தினின்றும் பிரித்து நோக்குவதற்கும் நியாயமுண்டு. ஆயின் அந்நியாயம் தம்மவர்க்கு மட்டுமே பொருந்துமெனின், அது கட்சிப்பற்றுக்கு இட்ட மறுபெயரே. வேட்பாளரின் பெயரை மாற்றிய பின்னும் தம் தீர்ப்பு நிலைக்குமா என வாக்காளர் தம்மையே வினவுதல் வேண்டும். எதிரணியிடம் மட்டும் ஒழுக்கத்தை வேண்டுவோர், தம் தலைவரைத் திருத்தும் தகுதியையும் இழந்துவிடுகின்றனர்.