பாம்பனில் துரு

பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்துகிறவர்கள் கடலைப் பார்க்கிறார்கள். என் கண் எப்போதும் பக்கத்திலுள்ள பழைய ரயில் பாலத்தில்தான் போய் நின்றது. 1914 பிப்ரவரியில் திறந்தது. நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நடுவே கப்பலுக்கு வழிவிட இரண்டாகப் பிரிந்து எழும் ஷெர்சர் தூக்குப்பாலம். ஆட்கள் கையால் சுழற்றித்தான் அதைத் திறந்தார்கள். 2022 டிசம்பரில் ரயில்கள் நிற்கும்வரை 108 ஆண்டுகள் உழைத்தது. இரும்பை மிக வேகமாகத் தின்னும் கடற்கரைகளில் ஒன்று இது. இங்கே இரும்பு ஒரு நூற்றாண்டைத் தாண்டியது எப்படி?

*

சிறுதுளி பெருவெள்ளம் என்பதை நல்ல காரியங்களுக்கே சொல்லிப் பழகிவிட்டோம். துருவும் அப்படித்தான் சேர்கிறது. காற்றோடு உப்பு வந்து படிகிறது. இரவின் ஈரம் அதைக் கரைக்கிறது. பெயிண்டில் மயிரிழை விரிசல் இருந்தால் போதும், உள்ளே இறங்கிவிடும். முதலில் ரிவெட்டின் தலையைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம். பிறகு பெயிண்ட் கொப்புளித்து எழும்பும். விரலால் தொட்டால் ஏடு ஏடாகப் பெயர்ந்து வரும். கடல் ஒரு நாளும் விடுப்பு எடுப்பதில்லை.

அதற்கு எதிராக மனிதரிடம் இருந்தவை சுரண்டி, கம்பி பிரஷ், பிரைமர், பெயிண்ட். சுரண்டிய இடத்தையே மறுபடி சுரண்ட வேண்டும்; அடித்த இடத்துக்கே மறுபடி பெயிண்டோடு வர வேண்டும். ரயில்வேயில் கீமேன் என்று ஒரு பணி உண்டு. தன் எல்லைக்குள் உள்ள தண்டவாளத்தைத் தினமும் நடந்து பார்த்து, தளர்ந்ததை இறுக்கிவிட்டு வருவது. அவர் ஒழுங்காகச் செய்த நாளில் ஒன்றுமே நடக்காது. ரயில் போகும், அவ்வளவுதான்.

*

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் கடலுக்குள் போயின. இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாட்களில் பாலம் மீண்டது. கடலில் கிடந்த கர்டர்களைத் தேடியெடுத்துப் பூட்டினார்கள். அந்த 46 நாட்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். மற்ற நாட்களில் பிரஷைப் பிடித்தவர்கள் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. ஒரு பழக்கத்தைத் தொடங்கியவுடன் பலன் கண்ணில் பட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். படவில்லையென்றால் விட்டுவிடுகிறோம். இந்தப் பாலத்தில் பலன் என்பதே கண்ணில் படாத ஒன்று: விழாத கர்டர், நிற்காத ரயில்.

*

சாயல்குடிப் பக்கம் பனங்காடுகளில் இதன் மறுபக்கத்தை, பலன் அன்றன்றே கண்ணில் படும் வேலையைப் பார்க்கலாம். பனையேறி காலையிலும் மாலையிலும் அதே மரங்களில் ஏறுகிறார். பாளையின் நுனியை நகக் கனத்துக்கு ஒரு சீவு. அதற்கு மேல் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். சீவாமல் விட்டாலோ வெட்டுவாய் காய்ந்து பதநீர் நின்றுபோகும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவ மறந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகும். உடம்புக்கு முடியாத நாளிலும் மரம் காத்திருக்காது. கீழே வீட்டுப் பெண்கள் அடுப்பெரித்துக் காய்ச்சி, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுகிறார்கள். நாம் கடையில் எடைபோட்டு வாங்கும் கருப்பட்டிக்குப் பின்னால் இத்தனை ஏற்றமும் இத்தனை இறக்கமும் இருக்கின்றன. அந்த உழைப்புக்கு நாம் தரும் விலை குறைவு என்றே நினைக்கிறேன்.

விடாமல் செய்வது மன உறுதி என்கிறார்கள். பனையேறியைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. இன்றைக்குச் சீவ வேண்டிய அளவு இவ்வளவுதான் என்று அவருக்குத் தெரியும். நேற்று விட்டதை இன்று சேர்த்துச் சீவ முடியாது என்பதும் தெரியும்.

*

2025 ஏப்ரல் 6 அன்று புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. நடுவில் 72.5 மீட்டர் நீளப் பகுதி இயந்திரத்தால் நேராக மேலே எழுகிறது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், பாலிசிலாக்சேன் பூச்சு என்று நல்ல ஏற்பாடுகள் செய்திருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் பூச்சு எத்தனை உயர்ந்ததாக இருந்தாலும், அது எங்கே கொப்புளிக்கிறது என்று பார்க்க ஒருவர் நடந்தாக வேண்டும். பாலம் புதிது என்பதற்காக அந்த ஆளைக் குறைத்துவிடாதீர்கள். ரயில்வேயிடம் கேட்க எனக்கு இருப்பது இது ஒன்றுதான்.