ஆதியாகமத்தின் ‘யோம்’

எபிரேய மொழியில் நாளைக் குறிக்கும் சொல் ‘யோம்’. பைபிளின் ஆதியாகமம் 1:5 இதை இரு பொருளில் ஆள்கிறது: முதலில் இருளுக்கு எதிரான பகல், அடுத்து, மாலையும் காலையும் சேர்ந்த முழு நாள். 2:4இல் படைப்புக் காலம் முழுவதும் ஒரே ‘யோம்’ ஆகிவிடுகிறது. அங்கே அதற்கு ‘அப்பொழுது’ என்பதற்கு மேல் பொருளில்லை.

ஆறு நாள் படைப்பு பற்றிய வாதம் இந்த நெகிழ்ச்சியில் வேர்கொண்டது. சூரியன் நான்காம் நாளில்தான் தோன்றுகிறது. அதற்கு முந்தைய மூன்று நாட்களை எதைக்கொண்டு அளப்பது? மூன்றாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ இறையியலாளர் ஓரிகன் இதைக் கேட்டார். நான்காம் நூற்றாண்டில் பேசில் இருபத்துநான்கு மணி நேர நாளாகவே கொண்டார். அகஸ்டினோ அனைத்தும் ஒரே கணத்தில் படைக்கப்பட்டதாகக் கருதி, ஆறு நாட்களைக் கால அளவாக அல்லாமல் விளக்க ஒழுங்காகக் கண்டார். ஆக, இந்தக் கேள்வி நிலவியலுக்குப் பிறந்த குழந்தை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் பாறை அடுக்குகளின் தொன்மை தெரியவந்தபோது, நிலவியலாளர் ஹியூ மில்லர் போன்றோர் ஒவ்வொரு நாளையும் நெடிய யுகமாக்கினர்.

நாளை நேர்பொருளில், சாதாரண நாளாகவே கொள்ளும் தரப்பின் வலுவான சான்று யாத்திராகமம் 20:11: மனிதரின் ஆறு நாள் உழைப்பும் ஓய்வுநாளும் படைப்பின் வாரத்தின் மேல் நிற்கின்றன. எண்ணோடு வரும் ‘யோம்’ எப்போதும் சாதாரண நாளே என்ற வாதம் அவ்வளவு உறுதியானதல்ல; ஓசியா 6:2இன் ‘மூன்றாம் நாள்’ குறித்து உரையாளர்கள் ஒத்துப்போவதில்லை. ஏழாம் நாளுக்கு மட்டும் மாலையும் காலையும் சொல்லப்படவில்லை. அந்த நாள் இன்னும் முடியவில்லை என்று வாசிப்பவர்களும் உண்டு.