ஆழாக்கும் பிடியரிசியும்



அடுக்களையில் ஆழாக்கை எடுத்து அளப்பது கருமித்தனம் என்று சிலர் எண்ணுகிறார்கள். தாராள மனசுக்குக் கைத்திட்டமே போதும் என்பது அவர்கள் நியாயம். இது சரிதானா? அற்பக் காரியமாய்த் தோன்றினாலும், நீதி என்னும் புண்ணியம் இதில் அடங்கியிருக்கிறது.

கைத்திட்டத்தை நாம் பழிக்கவில்லை. முப்பது வருஷம் பொங்கிய கை, தானே ஓர் அளவு. ஆனால் அந்தக் கையை மருமகளுக்கு இரவல் கொடுக்க முடியாது. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று சொல்லிக்கொடுத்தால் அவளும் நல்ல இட்லி வார்ப்பாள். “பார்த்துப் போடு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிறகு குற்றம் பிடிப்பது அநியாயம்.

உப்பும் அப்படியே. குறைந்தால் சேர்க்கலாம், கூடினால் எடுக்க முடியாது. வயதுவந்தவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்டே, உப்பு இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்தக் கொதிப்புள்ள தகப்பனார் இருக்கிற வீட்டில் உப்பை அளந்து போடுவது ஐந்தாம் கற்பனையைச் சேர்ந்த கடமை.

இனி முக்கியமான காரியம். உலையில் அரிசி குறைந்தால் அந்தக் குறை யார் தலையில் விழுகிறது? எல்லாருக்கும் வயிறார இட்டபின் கடைசியாக உட்காருகிறவள் தாய். பானையடியில் ஒட்டியதும் நீராகாரமுமே அவள் பங்கு. “எனக்குப் பசியில்லை” என்கிறாள். அந்தப் பொய்க்கு யார் உத்தரவாதி? அளக்கும்போது அவளை எண்ணாத வீடு முழுவதுமே.

ஏழைகளுக்கென்று பிடியரிசி எடுத்துவைக்கும் நல்ல வழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் உலைக்கு அளந்த அரிசியிலிருந்தே அந்தப் பிடியை எடுத்தால், அது யாருடைய சோறு? கொடுத்தது குடும்பம் என்று பெயர். பட்டினி கிடந்தது தாய். சரெப்தா ஊர் விதவை தன்னிடமிருந்த கடைசிப் பிடி மாவில் எலியாஸ் தீர்க்கதரிசிக்கு அப்பம் சுட்டுக் கொடுக்கவில்லையா என்பீர்கள். மெய்தான். அவளிடம் கேட்கப்பட்டது, அவளும் தெரிந்தே கொடுத்தாள். கேளாமல் ஒருவர் பங்கை எடுத்து மற்றொருவருக்கு இடுவது தர்மமாகாது. முதலில் நீதி, பிறகு தர்மம்.

ஆகையால் வீட்டிலுள்ள அனைவரையும், தாயையும் சேர்த்து, தலை எண்ணி அளவுங்கள். பிடியரிசியை அதற்குமேல் தனியாக எடுங்கள். தகப்பன்மாரே, அதற்கான காசை உங்கள் டீக்கடைச் செலவில் மிச்சம் பிடியுங்கள்.

நமதாண்டவர் தாராளமான அளவைப் புகழ்ந்தார். ஆனால் நிறைய அளப்பதற்கும் அளவு வேண்டும். இன்று மத்தியானம் பந்தியில் உட்காருமுன் பானையைத் திறந்து, அம்மாவுக்கு மீதி இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். சர்வேசுரன் உங்கள் அடுப்பையும் பானையையும் ஆசீர்வதிப்பாராக!

உங்கள் பங்குக் குரு