வக்தும் டேப்லெட் கடிகாரமும்

தொழுகை நேரங் குறிக்கப்பட்ட கடமையென்று திருக்குர்ஆன் (4:103) அறிவிக்கிறது. இன்று பல இல்லங்களில் வக்தைச் சொல்வது டேப்லெட்தான்.

உம்ரா முடித்துத் திரும்பியவரின் டேப்லெட்டில் மக்கா நேரமே நின்றுவிட்டால், அது நம் நேரத்துக்கு 2½ மணி பின்தங்கியிருக்கும். அது 3.30 காட்டும்போது இங்கே 6 மணி. சுபுஹு எப்போதோ வந்துவிட்டது. இன்னும் இரவு இருக்கிறதென்றெண்ணி ஸஹர் உண்டவர் அந்த நோன்பைக் களாச் செய்யவேண்டும்.

ஆகவே, ஊர் வந்ததும் செட்டிங்ஸில் தேதி, நேரப் பகுதியைத் திறந்து, தானாகச் சரிசெய்யும் வசதியை இயக்குங்கள். அப்போதும் மாறாவிடில், கிரீன்விச்சுக்கு 5½ மணி முந்திய இந்திய நேரத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். பின்னர் பள்ளிவாசல் பாங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வக்தைப் பேணும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.