தலையெழுத்தா, காரணமா?

பின்னல் எந்திரத்தின் ஓசை கேளாத தெரு திருப்பூரில் குறைவு. “எல்லாம் அவன் தலையெழுத்து” என்ற சொல் கேளாத தெரு அதனினும் குறைவு. சாயப்பட்டறையில் உழைத்தவன் உடலில் புற்று தோன்றினால் உற்றார் உரைப்பது அச்சொல்லையே. ஆறுதலுக்காகவே சொல்கின்றனர், அறிவோம். ஆயினும் அச்சொல்லால் ஆதாயம் அடைபவர் யார் என்று என்றேனும் எண்ணிப் பார்த்தோமா? விதி என்றுவிட்டால் வினவத் தேவையில்லை. வினவாத இடத்தில் பொறுப்பேற்பாரும் இல்லை. காரணம் என்று சொன்னால்தான் கடமை பிறக்கும். எனவே, நோயின் காரணத்தைத் தேடுவது மருத்துவத்தின் வேலை மட்டுமன்று, அறத்தின் வேலையுமாகும்.

அத்தேடலில் தலைநின்றவருள் ஒருவர், தமிழ்ப் பெயர் தாங்கிய அறிஞர் அருள் சின்னையன். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்பவர். நம் உயிரணுக்களில் மரபணுக்கள் பல்லாயிரம் உண்டு. அவை எல்லாம் எந்நேரமும் பேசுவதில்லை. சில உரக்கப் பேசும்; சில வாய்மூடிக் கிடக்கும். இதனையே மரபணு வெளிப்பாடு என்பர். புற்றுத் திசுவில் எந்த மரபணு எவ்வளவு உரக்கப் பேசுகிறது என உலகெங்கும் பலர் அளந்து வைத்திருந்தனர். சிதறிக் கிடந்த அவ்வளவுகளைத் திரட்டிச் சின்னையன் குழுவினர் ‘ஆங்கோமைன்’ என்னும் களஞ்சியம் அமைத்தனர்.

நோயாளரின் சராசரியை நலமுடையோரின் சராசரியோடு ஒப்பிடுவதே வழக்கமாக இருந்தது. சராசரி எவ்வளவு ஏமாற்றும் என்பதைப் பனியன் தொழிலாளியைக் கேளுங்கள். துணியின் எடை கணக்குக்குச் சரியாக இருக்கும். ஊசி ஒன்று பழுதுபட்ட இடத்திலோ ஓட்டை விழுந்திருக்கும். எடை போட்டவன் அதைக் காணான். விளக்கொளியில் விரித்தவனே காண்பான். அக்குழுவும் விரித்துப் பார்த்தது. சிலரிடம் மட்டுமே வரம்பு மீறி ஓங்கி நிற்கும் மரபணுக்களைத் தேடியது. கண்டதை 2005-ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டது. ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றில் இரு மரபணுக்கள் முறிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆண் ஹார்மோனுக்குப் பணியும் ஒன்றின் விசை, ‘எர்க்’ என்னும் மற்றொன்றை ஓயாமல் முடுக்குகிறது. மேலைநாட்டு நோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இவ்வொட்டு உண்டு. இத்தகைய ஒட்டுகள் பெரும்பாலும் இரத்தப் புற்றுக்கே உரியவை என்றிருந்த எண்ணம் தகர்ந்தது. இதன் தடயத்தைச் சிறுநீரில் தேடும் சோதனையும் பின்னர் வந்தது.

இவ்வொட்டு பிறப்போடு வந்ததன்று. வாழ்நாளில், அவ்வுறுப்பின் உயிரணுவில் நேர்ந்த முறிவு அது. தந்தை செய்த பாவம் எங்கே? முற்பிறவி வினை எங்கே? மரபாக வரும் பிறழ்வுகளும் சில உண்டு; அவை ஆபத்தை மிகுவிக்குமேயன்றி முடிந்த தீர்ப்பாகமாட்டா. விதியை இறக்கிய பீடத்தில் மரபணுவை ஏற்றிக் கும்பிடுவதும் பகுத்தறிவன்று. உயிரணுவைத் தாக்கும் கேடு வெளியிலிருந்தும் வரலாம் அன்றோ!

1895-ஆம் ஆண்டிலேயே சாயத் தொழிலாளர் சிலரின் சிறுநீர்ப்பையில் கட்டிகளைக் கண்டு உரைத்தார், ஜெர்மானிய அறுவை மருத்துவர் லூத்விக் ரேன். பென்சிடின் போன்ற சாய மூலங்கள் புற்றை விளைப்பவை என்பது பின்னர் உறுதிப்பட்டது. தீங்கான அசோ சாயங்களை 1994-இல் ஜெர்மனி தடுத்தது. 1997-இல் இந்தியாவும் பலவற்றைத் தடுத்தது. கழிவுநீரால் நொய்யல் கெட்டதனால் 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர்நீதிமன்றம்.

இவற்றைக் கொண்டு, ஊரில் காணும் புற்றெல்லாம் சாயத்தால் வந்ததே என்று முழங்கலாமா? கூடாது. சான்றின்றிப் பழி சாற்றுவதும் மூடநம்பிக்கையின் மறுவடிவமே. அளந்தறிய வேண்டும். 1954-இல் முத்துலட்சுமி அம்மையாரின் முயற்சியால் எழுந்த அடையாற்றுப் புற்றுநோய் நிலையம், சென்னை மக்களிடையே காணும் புற்றைப் பதிவேட்டில் எழுதும் பணியை 1982-இல் தொடங்கியது. எண்ணிக்கை மட்டும் போதாது. நோயுற்றவர் எத்தொழில் செய்தார், எத்தனை ஆண்டு செய்தார், எச்சாயத்தைக் கையாண்டார் என்பதும் எழுதப்பட வேண்டும். மாவட்டத்தின் சராசரிக்குள் மறைந்துபோகும் பட்டறைத் தொழிலாளி அப்போதுதான் கண்ணுக்குத் தெரிவான்.

இளைஞர்களே! அடுத்த முறை “தலையெழுத்து” என்று ஒருவர் பெருமூச்செறிந்தால், அவர் துயரை மதிப்போம். அருகமர்ந்து ஆறுதல் சொல்வோம். பின்னர், “அவர் என்ன வேலை செய்தார்?” என்று கேட்டு எழுதி வைப்போம்.